அப்பாவின் தவளைகள்

தூக்கம் வரவில்லை என்று என் மகள் நேற்று மத்தியானம் போனில் தவளைச் சத்தத்தைப் போட்டுக்கொண்டு படுத்தாள். அந்தக் கொர்கொர் காதில் விழுந்ததும் நான் சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த மண்டி மொஹல்லா வீட்டுக்கே போய்விட்டேன்.

தொண்ணூறுகளில் அந்த வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய பள்ளம் ஒன்று உண்டு. மழை விட்டதும் தவளைகள் கச்சேரியைத் தொடங்கிவிடும். அப்பாவுக்கோ விடிகாலை ஷிஃப்ட். மில்லில் தூங்கி விழுந்து திட்டு வாங்கியவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தவளைகளையெல்லாம் கோணிப்பையில் பிடித்துப்போட்டு, சைக்கிளில் கொண்டுபோய் ஊருக்கு வெளியே ஏரியில் விட்டுவிட்டார்.

"இனிமே நான் ராஜா மாதிரி தூங்குவேன்" என்றார். தூங்கவும் செய்தார், கொசு பெருகும் வரை. புகை போட்டால் கொசு அசையாது, நாங்கள்தான் இருமுவோம்.

பக்கத்து வீட்டு மஞ்சம்மா சொறிந்தபடியே வந்து, தன் கன்னடம் கலந்த தமிழில் கேட்டாள். "ஏன்ரீ அண்ணா, கப்பெ இருந்தவரைக்கும் அது கொசுவைத் தின்னுச்சு. தவளைய அனுப்பிட்டீங்க, இப்போ கொசு நம்மளைத் தின்னுது!"

அடுத்த ஞாயிறு அதே கோணியோடு அப்பா ஏரிக்குக் கிளம்பினார்.

"நம்ம தவளை எதுன்னு எப்படிங்க தெரியும்? பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா?" என்றாள் அம்மா.

கிடைத்ததைப் பிடித்து வந்து பள்ளத்தில் விட்டார். விடிந்தபோது ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு எத்தனை மழை பெய்தும் அந்தப் பள்ளம் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் குடையோடு போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார் அப்பா.

நேற்று மகளின் போன் கொர்கொரென்றபோது, பக்கத்து அறையில் படுத்திருந்த அப்பா மெல்லக் குரல் கொடுத்தார்.

"வந்துடுச்சாடா? யாரும் சத்தம் போடாதீங்க, ஓடிடும்."