லேபிள் வெளியே தெரியக் கூடாது

பல்லடம் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை லிங்கசாமி மடித்துக்கொண்டிருக்கிறார். இடது ஓரம் உள்ளே, வலது ஓரம் உள்ளே, அடிப்பக்கம் மேலே, கடைசியில் உள்ளங்கையால் ஒரு தட்டு. டிக்கெட் நம்பர் நட்டநடுவில், நிமிர்ந்து, வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் பிரித்து மறுபடி மடிப்பார். கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, கோயில் திருநீற்றுப் பொட்டலம், எதுவும் அவர் கையில் இந்தக் கதிக்குத் தப்பியதில்லை. அவர் மனைவி அமராவதியின் புகார் வேறு: "எங்கூட்டுக்காரரு தோசையைக்கூட செவந்த பக்கம் மேல தெரியற மாதிரி மடிச்சு வெச்சுப்போட்டுத்தானுங்க வாயில வெப்பாரு."

திருப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அவர் மடிப்பு மேஸ்திரி. வயது நாற்பத்தைந்து; அதில் பாதிக்கு மேல் மடிப்பு மேசைக்கு முன்னால் நின்றே கழிந்திருக்கிறது. பனியனை மல்லாக்கப் போட்டு, கைகளை உள்ளே தள்ளி, மூன்றாக மடித்துத் திருப்பினால் கழுத்தும் கம்பெனி லேபிளும் மேலே வந்து நிற்கும். கடைக்காரன் பெட்டியைத் திறந்ததும் லேபிள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவருக்குக் கீழே அதே மேசையில் பதினோரு பேர். எல்லாரும் பெண்கள்.

இது போக அவருக்கு இன்னொரு வேலை உண்டு. யாரும் கொடுக்காத வேலை, சம்பளமும் கிடையாது. தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுவது எப்படி என்று ஜனங்களுக்குச் சொல்லிக் கொடுப்பது.

காரணம் கேட்டால் முகம் சுண்டிவிடும். முதல் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி. திரைக்குப் பின்னால் போய், வேண்டியவர் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். லிங்கசாமி போனார். சீட்டை அழகாக மடித்து, பெட்டியின் மேல் ஓரம் பார்த்து அடுக்கி வைத்துவிட்டு வந்துவிட்டார். பெட்டிக்கு மேலே இருந்த ஓட்டு கணக்கில் சேராது என்று சாயங்காலம் யாரோ சொன்னார்கள். "மூணு நாளு எனக்குச் சோறு எறங்கலீங்க. வெள்ளைக்காரன் போயி மொதமொதல்ல நம்மளைய ஒரு வார்த்தை கேட்டாங்க, அதைய நான் பெட்டி மேல வெச்சுப்போட்டு வந்துட்டனே" என்று இன்றைக்கும் சொல்வார். சொல்லும்போது அவர் சிரிப்பதில்லை. கேட்கிற நாமும் சிரிக்காமல் இருப்பது நல்லது.

அதற்குப் பிறகு தாலுக்கா ஆபீசுக்குப் போய்த் தேர்தல் விதிகள் அடங்கிய சின்னப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். படித்துப் படித்து அது தாள் தாளாகக் கழன்றுபோக, கம்பெனி ஓவர்லாக் தையல் மிஷினில் கொடுத்து நாலு பக்கமும் அடித்துவிட்டார். நாலு பக்கமும் அடித்த புத்தகத்தைத் திறக்க முடியாது என்பது அடித்து முடித்த பிறகுதான் தெரிந்தது. பரவாயில்லை, உள்ளே இருப்பது முழுக்க அவருக்கு மனப்பாடம். சந்தேகம் கேட்டால் திறக்காத புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதில் சொல்வார்.

வேட்பாளர்களை அவர் விசாரிக்கிற முறையும் தனி. நோட்டீசை முதலில் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், ஓட்டை இருக்கிறதா என்று. பிறகு நேரே அவர்கள் வீட்டுக்கே போய்விடுவார். "ரோடு போடறேன்னு அச்சடிச்சிருக்கீங்க. எந்த முக்குல இருந்து எந்த முக்கு வரைக்குமுங்க?" திரும்பி வந்து மேசையில் அறிக்கை: "ஊரு பூராவும்னாருங்க. நனைச்சுப் பாத்தனுங்க. சுருங்கிச் சுருங்கி அவிய மாமனாரு ஊட்டு வாசல் வரைக்கும் வந்து நின்னு போச்சு." சரி, யாருக்குத்தான் போடுவது என்று கேட்டால் மட்டும் வாய் திறக்க மாட்டார். "அதைய நாஞ் சொன்னா அது என்ற ஓட்டுங்க. உங்க ஓட்டு எங்க போறது?"

அறுபத்திரண்டாம் வருஷத் தேர்தலில் முறை மாறியது. ஒரே சீட்டில் எல்லார் பெயரும் சின்னமும் இருக்கும். வேண்டிய சின்னத்தில் முத்திரை குத்தி, மடித்து, வெளியே எடுத்து வந்து, அதிகாரி மேசைக்கு முன்னால் இருக்கிற ஒரே பெட்டியில் போட வேண்டும். எங்கள் தொகுதியில் நாலு பேர் நின்றார்கள். அதில் இரண்டு பேரை மட்டும் குடை என்றும் ஏணி என்றும் வைத்துக்கொள்வோம். உண்மைச் சின்னம் வேறு. எழுதினால் ஆட்கள் வீட்டுக்கு வருவார்கள்.

குடைக்காரர் கம்பெனி முதலாளி ஈஸ்வரமூர்த்தியின் மச்சான். பொங்கல் முடிந்த வாரம் முதலாளியே மடிப்பு மேசைக்கு வந்தார். "உங்களுக்கு நாஞ் சொல்லோணும்னு இல்லீங்க. பூத்துல நம்ம மேனேஜர் கந்தவேலு ஏஜெண்டா உக்கோருவாரு. குடைக்குப் போடாதவிய மறுநாள் வேலைக்கு வந்து செரமப்பட வேண்டாமுங்க" என்றார். எங்கள் பக்கத்தில் மிரட்டலும் மரியாதையாகத்தான் வரும். முதலாளி தலை மறைந்ததும் ராமாத்தாள் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்தாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண் குழந்தைகள், இந்த வேலையை விட்டால் வேறு இல்லை. ஏணிக்காரர் அவள் சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கொண்டுவந்தவர்.

"ஏனுங்ணா, எனக்கு வேலையும் வேணும், ஓட்டும் வேணும். ரெண்டுக்கும் உங்க பொஸ்தகத்துல எடமிருக்குதுங்களா?"

"யாருக்குப் போட்டீங்கன்னு முதலாளி கேட்டாலும் சொல்லோணும்னு சட்டமில்லீங்க அம்மிணி. மடிச்சுப் போட்டா ஆண்டவனுக்கே தெரியாது" என்றார் லிங்கசாமி, மூடிய புத்தகத்தைத் தட்டி.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒத்திகை தொடங்கியது. பக்கத்து நூல்கடையில் வேலை பார்க்கும் நானும் சோற்றுத் தூக்குடன் வேடிக்கை பார்க்கப் போனேன். பனியனுக்கு அடியில் போடும் வெள்ளைத் தாள்தான் வாக்குச் சீட்டு. சைஸ் குத்துகிற முப்பத்தாறு நம்பர் சீல்தான் முத்திரை. உண்மையான சின்னங்களைப் போட்டால் அது பிரசாரமாகிவிடும் என்று கத்திரிக்காய், முருங்கைக்காய், சுரைக்காய் மூன்றையும் தாளில் வரைந்து வேட்பாளராக நிறுத்தியிருந்தார். ஒவ்வொன்றின் குணத்தையும் பட்சபாதமில்லாமல் எடுத்துச் சொன்னார். நானும் ஒரு ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று சொல்ல மாட்டேன்.

நான்கு நாளில் கம்பெனி மூன்று கட்சியாகப் பிரிந்துவிட்டது. முருங்கைக்காய்க் கட்சியார் கத்திரிக்காய்க் குழம்பைப் பங்கு வாங்க மறுத்தார்கள். சுரைக்காய் டெபாசிட் இழந்த அன்று செல்லாத்தாள் என்கிற பெண் மத்தியானம் முழுக்க யாருடனும் பேசவில்லை. கடைசியில் ஒருத்தி கேட்டாள்: "நெசத் தேர்தல்ல கத்திரிக்கா எத்தனாவதா இருக்குமுங்க?" அது நிற்கவில்லை என்று லிங்கசாமி சொன்னதும், "பொறகு எதுக்குங்க இத்தனை நாளு எங்களைய ஏமாத்துனீங்க?" என்று அவள் சண்டைக்கு வந்துவிட்டாள். அவளைச் சமாதானம் செய்ய அவருக்கு அரை நாள் ஆயிற்று.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய ஆபத்து வேறிடத்தில் இருந்தது. சுரைக்காய்க்குப் போட்டது செல்லாத்தாள்தான் என்று ஓட்டு எண்ணுவதற்கு முன்பே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எப்படி? பதினோரு பேரும் சீட்டை இடது ஓரம் உள்ளே, வலது ஓரம் உள்ளே என்று மடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். குத்திய காயும் முத்திரையும் நட்டநடுவில், நிமிர்ந்து, வெளியே தெரிந்தன. லிங்கசாமி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வருஷக்கணக்காக அவரே அடித்து அடித்துப் பழக்கிய கை. கந்தவேல் எழுந்து பார்க்கக்கூட வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே பதினோரு பேருக்கும் சீட்டுக் கிழித்துவிடலாம்.

அன்றிலிருந்து உள்பக்க மடிப்புக்குப் பயிற்சி. கண்ணை மூடிக்கொண்டு மடிக்கச் சொன்னார். இடது கையால் மடிக்கச் சொன்னார். ஒரு வாரத்தில் கை திரும்பியது. சொல்லி வைத்த மாதிரி மதுரையிலிருந்து தந்தி வந்தது: "சரக்கு வந்தது. லேபிள் எங்கே." ஓட்டுச் சீட்டை உள்ளே மடிக்கப் பழகிய கைகள் பனியனையும் உள்ளே மடித்து அனுப்பிவிட்டிருந்தன. நாற்பது டஜன் திரும்பி வந்தது. முதலாளி போட்ட சத்தம் எங்கள் கடை வரைக்கும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை லிங்கசாமி தனியாக உட்கார்ந்து அத்தனையையும் பிரித்து மடித்தார். திங்கட்கிழமை எல்லாரையும் பழைய மடிப்புக்குத் திருப்பினார். பனியன் சரியாயிற்று, செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் முத்திரை மறுபடி வெளியே வந்து நின்றது. தேர்தலுக்கு ஆறு நாள்தான் பாக்கி. மனுஷனைப் பார்க்கவே எனக்குப் பாவமாக இருந்தது. டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

"ஒரு மேசையில ஒரு மடிப்புத்தானுங்க நிக்கும். நான் இவியளுக்கு ஓட்டுச் சொல்லிக் குடுக்காமயே இருந்திருந்தா, குடைக்குப் போட்டுப்போட்டு வேலையைக் காப்பாத்தியிருப்பாங்க" என்றார்.

வழி கண்டுபிடித்தது ராமாத்தாள்தான். புதன்கிழமை ஒத்திகையில் தன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் முத்திரையையே பார்த்தாள். "ஏனுங்ணா, இதைய ஏன் லேபிள்ங்கறீங்க? கறைன்னு நெனச்சா என்னங்க? சேலையில கறை பட்டா அதைய வெளிய தெரியற மாதிரியா மடிப்போம்?" என்றாள். பிறகு பதினோரு பேரும் முத்திரையை உள்ளே வைத்து மடித்தார்கள். ஒரு சீட்டுக்கூடத் தப்பவில்லை. அடுத்த பனியனை எடுத்தார்கள். லேபிள் வெளியே வந்தது. லிங்கசாமி புத்தகத்தை எடுத்து ராமாத்தாள் கையில் கொடுத்துவிட்டார். அவள் திறந்து பார்க்க முயன்று தோற்றாள்.

தேர்தலன்று காலையில் பதினோரு பேரும் ஒன்றாகப் போய் ஓட்டுப் போட்டார்கள். பூத் இருந்த பள்ளிக்கூடத்து ஜன்னல் வழியாக எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. ஏஜெண்டுகள் பெஞ்சில் கந்தவேல் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். வெள்ளை முதுகைத் தவிர அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ராமாத்தாள் வெளியே வந்து, வரிசையில் நின்ற லிங்கசாமியிடம், "கறை உள்ள போயிருச்சுங்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள். தன் மேசைக்காரர்கள் அத்தனை பேரும் போட்டு முடித்த பிறகுதான் போடுவேன் என்று அவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் நான்.

நாங்கள் வாசல்படியை எட்டும் நேரத்தில் முதலாளியின் கார் வந்தது. வரிசை தானாகவே வழி விட்டது. "வரிசைங்க முதலாளி" என்று லிங்கசாமி மெதுவாகச் சொன்னார்; முதலாளிக்குக் காது கேட்கவில்லை. எங்களுக்கு முன்னால் புகுந்து, விரலில் மை வாங்கி, சீட்டு வாங்கி, திரைக்குப் பின்னால் போனார். லிங்கசாமி மை மேசைக்கு வந்து இடது ஆட்காட்டி விரலை நீட்டினார்.

ஈஸ்வரமூர்த்தி எடுத்த எடுப்பிலேயே முதலாளி ஆனவர் இல்லை. பதினாறு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கம்பெனியில் அவரும் லிங்கசாமியும் ஒரே மேசையின் இரண்டு பக்கம் நின்று பனியன் மடித்தவர்கள். கார் வந்தாலும் கை பழைய கைதான். ஒத்திகைக்கு அவரை யாரும் கூப்பிடவுமில்லை. திரையை விலக்கிக்கொண்டு வந்தவர் உள்ளங்கையில் சீட்டு மூன்றாக மடிந்து இருந்தது. நட்டநடுவில், நிமிர்ந்து, ஏணி. ஏணியின் மேல் முத்திரை.

நான் பார்த்துவிட்டேன், பார்த்திருக்கக் கூடாதுதான். மச்சான் உறவு எங்கே கிழிந்திருந்தது என்று எனக்குத் தெரியாது. முதலாளி திரையை விட்டு வருவதைக் கண்டதும் மரியாதைக்காகக் கந்தவேல் பெஞ்சிலிருந்து எழுந்தார். எழுந்து, குனிந்து கும்பிடத் தலைப்பட்டார். பெட்டிக்கு இன்னும் நாலு எட்டு இருந்தது. லிங்கசாமி மைக்காரர் பிடித்திருந்த விரலைப் பிடுங்கிக்கொண்டு, தோள் துண்டை உதறி, இரண்டு கையாலும் அகல விரித்து, கந்தவேலின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். "என்னய்யா இது?" என்று அதிகாரி எழுந்தார். விரலிலிருந்த மை துண்டில் இறங்கியது. பெட்டிக்குள் சீட்டு விழுகிற சத்தம் கேட்கும்வரை அவர் துண்டையும் இறக்கவில்லை, இறுக மூடியிருந்த தன் கண்களையும் திறக்கவில்லை.