குதிகாலில் இறங்கி இடுப்பில் நின்ற அடி

அந்த லிஃப்ட் மெக்கானிக்கை அவருடைய கம்பெனியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நோண்டி' என்றால்தான் தெரியும். எதைக் கண்டாலும் நோண்டிப் பார்க்காமல் அவர் கை சும்மா இருக்காது. புதிதாக வாங்கிய அயர்ன் பாக்ஸில் ஒரு சட்டை தேய்ப்பதற்குள் அதைப் பிரித்துத் தரையில் பரப்பிவிடுவார். "கல்யாணத்தன்னைக்கே என் கைக்கடிகார மூடியைக் கழட்டின மனுஷன், இனிமேலா திருந்தப் போறார்?" என்பாள் மனைவி.

ஒருநாள் காலை, பழைய கட்டடம் ஒன்றில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் மாடி அறைக்கு இரும்பு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். மேல் படிகளில் ஒன்று உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்து இற்றுப் போயிருந்தது. கால் வைத்ததும் அது முறிந்து விழுந்தது. நின்ற நிலையிலேயே ஒரு மாடி உயரத்திலிருந்து வந்து, சிமெண்ட் தரையில் குதிகால் ஊன்றி இறங்கினார். கூச்சல் கேட்டு ஓடிவந்த காவலாளி ஆம்புலன்ஸை வரவழைத்தார்.

அவசரப் பிரிவில் அவர் போட்ட சத்தத்தில் பக்கத்துப் படுக்கைக்காரரே தன் வலியை மறந்து எட்டிப் பார்த்தார். வலது குதிகால் பன் மாதிரி உப்பியிருந்தது. மனைவி வந்துசேர நேரமாகும் என்பதால், அவளுடைய தம்பி தன் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு முதலில் ஓடிவந்தான். மாமாவின் காலைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது.

"நல்ல வேளை, கால்தானா? நோண்டி மாமா இனிமே நொண்டி மாமா" என்று சிரித்தவன், அங்கிருந்த டாக்டரிடம் திரும்பினான். "டாக்டரம்மா, ஒரு கட்டு போட்டு விடுங்க. கார் வாசல்லயே நிக்குது. தோள்ல சாய்ச்சுக் கூட்டிட்டுப் போயிடறேன்."

டாக்டர் கட்டுப் போடவில்லை. அந்தக் காலைப் பார்த்தாரே ஒழிய அங்கே நிற்கவும் இல்லை. மூச்சு சீராக இருக்கிறதா என்று பார்த்தார். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, உள்ளே ரத்தம் கசிகிறதா என்று ஸ்கேன் கருவியை ஓட்டினார். பிறகு கேட்டார்:

"எப்படி விழுந்தீங்க?"

"ஏணிப்படி உடைஞ்சிடுச்சும்மா."

"அது இல்ல. தரையில முதல்ல எது பட்டுச்சு? பக்கவாட்டுல சாஞ்சீங்களா, நட்டுக்குத்தலா வந்தீங்களா?"

"நட்டுக்குத்தலா. குதிகால் மேலேயே."

"அப்போ அந்த வேகம் குதிகாலோட நின்னுருக்காது. எலும்பு வழியா மேல ஏறியிருக்கும். முழங்கால், இடுப்பு, முதுகுன்னு எங்கயாவது இறங்கியிருக்கணும். அது எங்கேன்னுதான் பார்க்கணும்."

கத்திக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டார். இது அவருக்குப் புரிந்த பாஷை. ஆனால் ஒரு விஷயம் இடித்தது. "முதுகு வலிக்கவே இல்லையேம்மா?"

"குதிகால் இவ்வளவு சத்தம் போடும்போது மத்தது முனகினா உங்க காதுல விழாது" என்றார் டாக்டர்.

நர்ஸும் இரண்டு ஊழியர்களும் டாக்டரின் குரலுக்குக் காத்திருந்து, தலையும் இடுப்பும் முறுக்கிக்கொள்ளாமல் அவரை ஒரு மரக்கட்டையைப் போல ஒருசேரப் புரட்டினார்கள். டாக்டரின் விரல் பிடரியிலிருந்து ஒவ்வொரு எலும்பாக அழுத்திக்கொண்டு இறங்கியது. விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் நின்றது.

"ஐயோ! அங்கதான்!"

வலியைவிட ஆச்சரியம்தான் அந்தக் குரலில் அதிகம். தன் உடம்பில் இப்படி ஓர் இடம் இருப்பதே அப்போதுதான் தெரிந்ததுபோல. பிறகு டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களைத் தொட்டுத் தொட்டு எந்த விரல் என்று கேட்டார். எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார். டாக்டர் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிவு வந்தது.

பெரிய ஸ்கேனில் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. முதுகெலும்பில் ஒன்று நொறுங்கி, அதன் துண்டு ஒன்று தண்டுவடத்தை உரசுகிற மாதிரி நின்றது.

"நான் இவரை எழுப்பி நடக்க வச்சிருந்தா?" என்று கேட்டான் மச்சான்.

"ஒண்ணும் ஆகாமலும் போயிருக்கலாம். ரெண்டு காலும் ஓய்ஞ்சும் போயிருக்கலாம். நடந்து பார்த்துத் தெரிஞ்சுக்கிற விஷயம் இல்லை இது."

அவன் வெளியே போய்க் காரைத் திறந்து, வெறுமனே உட்கார்ந்துவிட்டான். அக்கா அவனைத் தாண்டித்தான் உள்ளே ஓடினாள். அவள் அழத் தொடங்கும் முன்பே கணவர் ஆரம்பித்துவிட்டார்: "விஷயம் தெரியுமா? அடி கீழருந்து மேல ஏறுமாம்!"

"உங்களுக்குத்தான் எதுவும் மேல ஏறாது" என்று சொல்லிவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் காலை அதே டாக்டர் வந்து, உச்சந்தலையிலிருந்து திரும்பவும் தடவிப் பார்க்கத் தொடங்கினார்.

"நேத்தே எல்லாம் பார்த்தாச்சே?"

"நேத்து உயிருக்கு ஆபத்தானதைத் தேடினோம். இன்னைக்கு எங்க கண்ணுல படாம போனதைத் தேடறோம். எப்பவும் ஏதாவது ஒண்ணு ஒளிஞ்சிருக்கும்."

வலது கட்டைவிரலுக்கு அடியில் மணிக்கட்டுக் குழியை அழுத்தியபோது அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விழும்போது எதையோ பிடிக்கப் பார்த்த கை அது. எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு விரிசல். அப்போதுதான் அவருக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. கைக்கும் சேர்த்துக் கட்டு விழுந்தது. அன்று முழுக்க இடது கையால் தன் உடம்பையே நோண்டிக்கொண்டிருந்தார். "சிஸ்டர், இந்த விலா கொஞ்சம் வீங்கின மாதிரி இல்ல?" என்று போகிற வருகிற நர்ஸை எல்லாம் நிறுத்தினார். கடைசியில் ஒருத்தி, "அது நீங்க அழுத்தி அழுத்தி வந்த வீக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதுகில் திருகாணிகளும் கம்பிகளும் வைத்து எலும்பை நிறுத்தினார்கள். அந்த வருஷம் பெரும்பாலும் படுக்கையிலும் ஊன்றுகோலிலும் போயிற்று. கம்பெனி அவரை ஏணி ஏற விடாமல், பழுதான மின்பலகைகளைச் சரிசெய்யும் மேசையில் உட்கார வைத்தது. பிரித்துப் போட ஏராளமாகக் கிடைத்ததால் அவர் அதிகம் முணுமுணுக்கவில்லை. குதிகால் மட்டும் குளிர் நாட்களில் விண்விண்ணென்று தெறிக்கும்.

கடைசிப் பரிசோதனைக்குப் போனபோது, அறுவை செய்த டாக்டர் புதிய எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டி, எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்றார். மனைவி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள். அவரோ பலகைக்கு அருகில் போய், மூக்கு படும் தூரத்தில் நின்றார்.

"டாக்டர், இந்தத் திருகாணியோட மரை ஏன் இவ்வளவு அகல அகலமா இருக்கு?"

இப்படி ஒரு கேள்வியை அந்த டாக்டரிடம் எந்த நோயாளியும் கேட்டிருக்கமாட்டார். இழுப்பறையைத் துழாவி, மாதிரிக்கு வைத்திருந்த திருகாணி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். "எலும்புக்கு உள்பக்கம் மெத்துனு இருக்கும். நெருக்கமான மரை அங்க பிடிக்காது."

"அப்போ மரத்துக்குப் போடுற ஸ்க்ரூ மாதிரிதான்" என்று சொல்லி, அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அவர். வெளியே அடுத்த நோயாளியைக் கூப்பிடும் மணி அடித்தது. மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.