கைப்பை மடியில் இருந்தால்

மேல்சட்டை இல்லாத ஆண்கள் ஆடும் மண்டபத்தில் பெண்களுக்கு இருக்கை காட்டுவது என் வேலை. நான் பார்க்கவேண்டியது கதிரை இலக்கத்தை மட்டும்தான்.

சனிக்கிழமையில் ஊர் முழுக்கக் கொண்டாட, கால்கடுக்க நின்று வேலை செய்யும் என் போன்றவர்களே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும். மெல்பனில் இந்த வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஒரு கவலைதான். மகள் தாரணிக்குக் கிரான்பர்னில் ஒரு பெடியனைப் பேசிக்கொண்டிருந்தோம். அவனை அவளுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது. பெடியனின் தாய் சாந்தியக்காவோ கேரம் டவுன்ஸ் கோவிலில் தேவாரம் படிப்பவர். என் வேலை தெரிந்தால் சம்பந்தம் குழம்பிவிடும் என்று கணவர் பயந்தார். நானும்தான்.

சிட்னியிலிருந்து வந்தவர்கள்

டூங்கபியிலிருந்து ஐந்து பெண்கள் வந்தார்கள். அதில் ஒருவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். சிட்னியில் இப்படியொரு ஆட்டத்துக்குப் போனால் தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று விமானம் ஏறி மெல்பனுக்கு வந்திருக்கிறார்கள். நான் டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷத்தில் "வாங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன்.

ஐந்து முகமும் வெளிறிப்போயின. ஒருவர் திரும்பிப் போகவே பார்த்தார். பிறந்தநாள்காரிதான் துணிந்து கிட்ட வந்தார்.

"தங்கச்சி, நாங்கள் உங்களைக் காணேல்லை, நீங்களும் எங்களைக் காணேல்லை. சரி, முன்வரிசை எந்தப் பக்கம்?"

பொன்னாடை

மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு பல் டாக்டர், தோழியின் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வந்திருந்தார். எங்கள் ஆட்டக்காரன் மார்க்கஸ் அவரை மேடைக்கு அழைத்துப்போய், சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னால் நின்றான். மண்டபமே கூச்சல் போட்டது.

டாக்டர் தமிழ்ச்சங்கத்தில் பல வருடம் செயலாளராக இருந்தவராம். மேடையில் ஓர் ஆண் முன்னால் நின்றால் அவர் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவனுக்குப் போர்த்தி, கும்பிட்டு, படம் எடுப்பவரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார். சிரிப்பில் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும், அது மரியாதை செய்வது என்று மார்க்கஸுக்கு விளக்கினேன். அவன் சால்வையைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"எல்லாரும் என்னைக் கழற்றத்தான் சொல்வார்கள். போர்த்திவிட்டது இவர் ஒருவர்தான்."

வெள்ளிக்கிழமை

ஒரு வெள்ளிக்கிழமை எல்லா மேசைக்கும் கோழிப் பொரியல் போனது. ஓர் அன்ரி மட்டும் தட்டைத் தள்ளி வைத்து, விரதம் என்றார். மேடையில் அப்போது மூன்று பேர் தண்ணீரில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் மேடையையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தேன். அவர் மேடையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"விரதம் வாய்க்குத்தான் பிள்ளை, கண்ணுக்கில்லை."

சாந்தியக்கா

ஆட்டக்காரர்கள் கூட்டத்துக்குள் இறங்கி, யாரையாவது மேடைக்குக் கூட்டிப்போவார்கள். விருப்பமில்லாதவரை இழுக்கக்கூடாது. அதற்கு எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. கைப்பையை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்திருந்தால் விடவேண்டும். கதிரைக்குக் கீழே வைத்திருந்தால் கேட்கலாம். அதைப் பார்த்து என் கைவிளக்கு ரோச்சின் வெளிச்சத்தால் ஆட்டக்காரனுக்குக் காட்டுவது என் பொறுப்பு.

போன சனிக்கிழமை மூன்றாம் வரிசையில் ரோச் அடித்தேன். வேலைத்தல நண்பிகளுக்கு நடுவில் சாந்தியக்கா! அடுத்தநாள் மத்தியானம் அவர்கள் எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் பேச வருவதாக இருந்தது. தாரணியின் கல்யாணம் என்னால் நின்றுபோகப் போகிறதே என்று பயந்தேன். அவர் என்னை அடையாளம் கண்டுவிட்டார். கைப்பையை இரண்டு கையாலும் மடியில் அமுக்கிப் பிடித்தார். மார்க்கஸ் வேறு நேரே அவரிடம் வந்துகொண்டிருந்தான். வேண்டாம் என்று காட்ட ரோச்சைத் தூக்கினேன். அதற்குள் சாந்தியக்கா கைப்பையை என்னிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்றார். மேடைக்குப் போய் நன்றாகவே ஆடினார். திரும்பி வந்து பையை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக வந்தார்கள். என் கணவர் முந்திக்கொண்டு, நான் ஏதோ மண்டபத்தில் சின்ன வேலை பார்ப்பதாக இழுத்தார். தாரணி தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றாள். சாந்தியக்கா என்னைப் பார்த்து முழுச்சிரிப்பாகச் சிரித்தார்.

"என்ன வேலையெண்டு எனக்குத் தெரியும். என்ர கைப்பையையே நம்பிக் குடுத்தனான். என்ர பிள்ளையைக் குடுக்க என்ன பயம்?"

மற்றபடி இது எல்லா வேலையையும் போல ஒரு வேலைதான். என்ன ஒன்று, "எந்தக் கைப்பை?" என்று என் கணவர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.