கதவைக் கழற்றிய எர்மெலிண்டா

மெக்சிகோவின் மலையூரான குவானஹுவாத்தோவில் எங்கள் சந்தின் எதிர்வீடு விடுமுறை வாடகை வீடாகி மூன்று வருடம். அதன் படுக்கையறைக்குள் மலைப்பாறை ஒன்று துருத்தி நிற்கும், மழைக்குக் கசியும். முன்பு குடியிருந்தவர்கள் திட்டித் தீர்த்த அந்தப் பாறைக்காகவே இப்போது வெளியூர்க்காரர்கள் இரட்டை வாடகை தருகிறார்கள். பழைய குடித்தனக்காரர்கள் காலத்திலிருந்தே அங்கே பெருக்கித் துடைப்பவள், இப்போது விரிப்பும் மாற்றுபவள் எர்மெலிண்டா. வயது அறுபத்தொன்று. பாதிரியாரோடு சண்டை, கோயில் பக்கமே போகமாட்டாள். ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்தைய வெள்ளியன்று அந்த வீட்டு நடையில் வியாகுல மாதாவுக்குப் பீடம் வைப்பதை முப்பது வருடமாக விட்டதில்லை.

அன்று எவரும் பீடம் வைத்த வீட்டு வாசலில் நின்று, "மாதா அழுதாச்சா?" என்று கேட்கலாம். கேட்டவருக்கு வீட்டுக்காரர் கண்ணீர் தந்தே ஆகவேண்டும். கண்ணீர் என்றால் பீட்ரூட்டும் ஆரஞ்சும் மிதக்கும் சர்க்கரைத் தண்ணீர்.

இந்த வருடம் வீட்டுக்காரன் அபெலார்தோ கதவில் எண் அழுத்தித் திறக்கும் மின்பூட்டு மாட்டினான்.

"பீடம் கீடம் வேணாம், தோன்யா எர்மெலிண்டா. வர்றவங்களுக்கு அமைதி வேணும். மீறி வச்சீங்கன்னா வேற ஆள் பாத்துக்குவேன்."

"பாத்துக்கோ தம்பி. பாறைக்குப் பின்னாடியும் துடைக்கிற ஆளா பாரு."

வெள்ளி காலையில் கதவு கீலோடு கழன்று சுவரில் சாய்ந்திருந்தது. பூட்டு மட்டும், தான் பூட்டியிருப்பதாகவே விளக்கெரித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நடையில் ஊதாத் துணி, முளைவிட்ட கோதுமை, ஓர் அண்டா கண்ணீர். வரிசையில் நான் மூன்றாவது. எனக்கு முன்னால், அமைதி வேண்டியிருந்த அந்த வாடகைத் தம்பதி.

அபெலார்தோ மூச்சிரைக்க வந்தான்.

"யாரு கதவக் கழட்டினது?"

"நாந்தான். உன் பூட்டத் தொடவே இல்ல."

"உங்க வேலை போச்சு!"

எர்மெலிண்டா துடைக்கும்போது உடுப்புக்கு மேல் கட்டும் அங்கியை அவிழ்த்து அவன் தோளில் போட்டாள். படியிறங்கித் தெருவில் நின்று திரும்பினாள்.

"மாதா அழுதாச்சா, ஐயா?"

சந்து முழுக்க அவனைப் பார்த்தது. அவன் அண்டாவைப் பார்த்தான்.

"என்னப்பா," என்றாள் இறைச்சிக்கடைத் தொமாசா, "மாதா இன்னும் யோசிக்கிறாளா?"

அவன் கரண்டியை எடுத்தான்.

"நெறைய ஊத்து. மாதா ஒண்ணும் கஞ்சத்தனம் பண்றவ இல்ல," என்றாள் எர்மெலிண்டா.

வேலையை அவன் திருப்பித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. குடித்து முடித்துக் கோப்பையை அவனிடமே நீட்டினாள்.

"சாயங்காலம் வரைக்கும் வருவாங்க. தீந்துபோச்சுன்னு மட்டும் சொல்லிடாத, இன்னும் சர்க்கரை கரைச்சுக்கோ."

அடுத்த வீட்டில் கேட்பதற்காகச் சந்தில் இறங்கிப் போனாள்.