பட்டியலில் விட்டுப்போன தண்ணீர்

அந்த ஞாயிறு திருவிருந்துக்கு முழங்காலிட்டபோது என் நாக்கு காய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் திருவிருந்து வாங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. ஜவ்வாது மலையில் ஆய்வக வேலைக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை நான் விடவில்லை.

வாரம் முழுக்க இரத்தம் எடுத்த அலுப்பு. போதகர் அப்பத்தைப் பிட்கும்போது வழக்கம்போல இயேசு பட்ட பாடுகளை மனதுக்குள் வரிசை போட்டேன்: வாரடி, முள், ஆணி, தாகம், விலா. மாதாமாதம் இதுதான் என் தியானம். நோயாளியின் சீட்டை வாசிப்பதுபோல வாசித்து முடித்துவிடுவேன். வலித்ததாகச் சொல்ல முடியாது.

இந்த முறை தாகத்தைத் தாண்ட முடியவில்லை.

வியாழக்கிழமை ஓர் அம்மா வந்திருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. செவ்வாய்க்கிழமை ஆபரேஷனுக்குக் கீழே போகும் வேனில் ஏற, சர்க்கரை அளவு எழுதிய சீட்டு வேண்டும். இரண்டு மணி நேரம் நடந்து வந்தவரைக் கூட்டத்தால் பதினொரு மணிவரை உட்காரவைத்தேன். மூலையிலிருந்த தண்ணீர் கேன் பக்கமே திரும்பியிருந்தார். மூன்று இடத்தில் குத்தியும் நரம்பு அகப்படவில்லை. திங்கள்கிழமை மறுபடி வெறும் வயிற்றோடு வரும்படி எரிச்சலாகச் சொல்லி அனுப்பினேன்.

இரத்தம் கொடுக்க வருபவர்களுக்காக ஆய்வகச் சுவரில் நான் ஒட்டிய பட்டியலில் ஐந்து வரிகள். வெறும் வயிறு என்பது முதல் வரி. தண்ணீர் குடிக்கலாம் என்று எந்த வரியிலும் இல்லை. தண்ணீர் வற்றிய உடம்பில் நரம்பு உள்வாங்கிவிடும். திராட்சரசக் கிண்ணம் என்னிடம் வந்தபோதுதான் அது உறைத்தது. ஒரு மடக்கு குடித்தேன். நாக்கு நனைந்தது.

பதிவேட்டில் அவருடைய ஊர் பெயர் இருந்தது, போன் எண் இல்லை. ஆராதனை முடிந்ததும் வண்டியில் கிளம்பினேன். தார் ரோடு முடிந்த இடத்திலிருந்து நடந்தேன்.

அந்த அம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர் குடிக்கலாம், தவறு என்னுடையது என்றேன்.

"வெறும் வயிறுன்னா தண்ணியும் இல்லன்னு நெனச்சேன் பாப்பா. எங்க சாமிக்கு அப்டிதான். உன் மெஷினு சாமிய விடக் கோவக்காரனோ இன்னாவோன்னு பயந்துட்டேன்."

நான் சிரிக்கவில்லை. நாளைக்கு வருவீர்களா என்று கேட்டேன்.

"வாணான்னுதான் இருந்தேன். கண்ணு போனாப் போவுதுன்னு."

கையிலிருந்த புளியை உடைத்துப் போட்டார். பிறகு தலையைத் தூக்கினார்.

"உன் கொரலு இன்னா இப்டி கம்மிக் கெடக்கு? நீ எதனா குட்ச்சியா?"

ஒரு மடக்கு என்றேன். உள்ளே போய், சுவரைத் தடவியபடியே ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்தார். நின்றபடியே குடித்து முடித்தேன். இன்னொரு சொம்பு வேண்டுமென்று கேட்டேன்.

திங்கள்கிழமை அவருக்கு முதல் குத்திலேயே நரம்பு கிடைத்தது.