லாண்டரி அக்காவும் பாடகர் அங்கிகளும்

பள்ளிக்கூடத்தில் நான் படித்த நேரத்தைவிட மழைக்கு ஒதுங்கிய நேரம் அதிகம். தலைச்சுமை தூக்கித் தொடங்கியவன், இன்று சொந்தமாகச் சரக்கு வண்டிகள் வைத்திருக்கிறேன். என் வண்டியில் ஏறிய சாமான் எதுவும் இதுவரை தப்பான வாசலில் இறங்கியது கிடையாது. பாடகர் அங்கிகள் விஷயத்தில் சிலர் வேறு மாதிரிப் பேசுவார்கள். பேசட்டும். நான் எழுத வந்தது லாண்டரி அக்காவைப் பற்றி.

அக்கா என்னைவிட இளையவர். ஆனாலும் சபையே அவரை அக்கா என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அவர் என்னை அண்ணே என்பார். வயதில் நான் மூத்தவன், அதட்டலில் அவர் மூத்தவர்.

ஆலயத்துக்குப் பின்தெருவில் அவர் கடை. உள்ளே இரண்டு சலவை இயந்திரங்கள். மூடிப்போன ஒரு ஹோட்டலில் இருந்து வாங்கிய பெரியதற்கு மாமியார் என்று பெயர். உறுமும், நினைத்தால் நடுவில் நின்றுவிடும், ஆனால் வேலை சுத்தம். சின்னது மருமகள். சத்தமே போடாது, சாக்ஸில் ஒன்றை மட்டும் விழுங்கிவிடும். அந்த மாமியாரைக் கொண்டுவந்து இறக்கியதே என் முதல் வண்டிதான். கடைக் கதவைக் கழற்றி, ஒரு கீறல் விழாமல் உள்ளே வைத்தேன். வேறு எவனாவது செய்திருப்பானா?

மூலையில் மச்சான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். அவர் பேச வேண்டியதையெல்லாம் இஸ்திரிப் பெட்டியே ஆவியாக விட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன்.

எங்களுடையது லுத்தரன் சபை. காணிக்கையில் ஒரு பங்கை வெளியே கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குக் கஞ்சி, பிள்ளைகளுக்குப் படிப்பறை, பாலத்துக்கு அந்தப் பக்கம் வீடில்லாதவர்கள் தங்கும் இல்லத்துக்குத் துணிமணி. சனிக்கிழமை ஆனால் ஹாலில் கூட்டம் கூடிவிடும். கண் தெரிகிறவர்கள் பொத்தான் தைப்பார்கள், முட்டி வலிக்காதவர்கள் மூட்டை தூக்குவார்கள், இரண்டும் முடியாதவர்கள் யோசனை சொல்வார்கள். சலவை அக்கா கடையில். சோப்புக்கு மட்டும் சபை கொடுக்கும், கூலி வாங்க மாட்டார்.

காரணம் உண்டு. இந்த ஊருக்கு வந்த புதிதில் அவர் அந்த இல்லத்தில்தான் தங்கியிருந்தார். யாரோ கொடுத்த ஒரு பச்சைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வேலை கேட்டுப் போனாராம். "என் மூஞ்சியப் பாத்தாங்களோ இல்லையோ, கோட்டப் பாத்துட்டு உள்ள வாம்மான்னாங்க" என்பார்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த இல்லத்து வார்டனம்மாவிடமிருந்து சேதி வந்தது. இனிமேல் உங்கள் சபைத் துணி வேண்டாம்.

அக்கா ஓடினார், நானும் கூடப் போனேன். வார்டனம்மா ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார். ஒற்றைக் கை ஸ்வெட்டர். ஜிப் போன கால்சட்டை. சரிகை தொங்கும் கல்யாண உடை ஒன்று.

"இதப் போட்டுக்கிட்டு யாரு எங்க போவா? உங்க வீட்டுக் குப்பைக்கு எங்க வீடுதான் கிடைச்சுதா? இதாவது பரவால்ல. போன மாசம் ஒரு அம்மா வந்து, எங்க வீட்டுக்காரர் தெரியாம கொடுத்துட்டாருன்னு, போர்த்தியிருந்தவ தோள்ல இருந்தே சால்வைய உருவிட்டுப் போச்சு."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஒரே ஒரு தடவ பாருங்கம்மா. நான் பொறுப்பு."

"ஒரே தடவதான். ஒரு துணி மோசமா இருந்தாலும் சரி, குடுத்தத திரும்பக் கேட்டு ஒருத்தர் வந்தாலும் சரி, அதோட கதவச் சாத்திருவேன்."

அடுத்த சனிக்கிழமை அக்கா ஹாலில் சட்டம் போட்டார். யார் எந்தத் துணி கொடுத்தாலும் அதைப் போட்டுக்கொண்டு எல்லார் முன்னாலும் ஹாலை ஒரு சுற்று நடக்க வேண்டும். நடந்துவிட்டு, கழற்றி மடித்து, நீள மேசைமேல் வைக்க வேண்டும். மேசைக்கு வந்தது இல்லத்துக்குப் போகும், திரும்பாது. நடக்க வெட்கமாக இருந்தால் அது தானம் இல்லை, குப்பை.

பாடகர் குழுத் தலைவருக்குச் சுருதி என்று பட்டப்பெயர். எதிலும் ஒரு பிசகு கண்டுபிடிக்கிற மனிதர். "தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க" என்றார்.

"பல்லே இல்லாத மாட்ட எதுக்குங்க குடுக்கறீங்க?" என்றார் அக்கா.

"கிருபை இலவசம்னு போதகர் சொல்றாரே?"

"கிருபைக்குப் பொத்தான் வேண்டாம். சட்டைக்கு வேணும்."

அன்று நடந்த கூத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். போதகர் இளமைக்காலத்து மேல்கோட்டு ஒன்றில் நுழைந்துவிட்டுக் கையை மடக்க முடியாமல் நின்றார். "சோளக்கொல்லைப் பொம்ம மாதிரி நிக்காதீங்க, நடங்க" என்று அக்கா விரட்டினார். பொருளாளர் பச்சைக் கால்சட்டையோடு பாதி தூரம் போய்விட்டு, அதைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கே ஓடினார். என் சாம்பல் கோட்டுக்குக் கைதட்டல் விழுந்தது. உண்மையைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்?

இப்படிச் சில சனிக்கிழமைகள். துணி சேர்ந்தது. மூட்டை கட்டும் நாளும் வந்தது. அந்த மதியம் பார்த்து மாமியார் நின்றுவிட, அக்கா கடைக்கு ஓடினார். அதே நேரம் பாடகர் குழு உள்ளே ஒத்திகையில் இருந்தது. கருநீலக் கம்பளி அங்கிகள், முந்தைய நாள்தான் அக்கா கடையில் சலவையாகி வந்தவை. ஒத்திகை முடிந்து அங்கியோடே ஹாலுக்கு வந்தார்கள். தேநீர் அண்டா மறுகோடியில், அதனால் ஹாலைச் சுற்றித்தான் போனார்கள். தேநீர் சிந்தினால் அக்கா வாயில் விழ வேண்டும் என்று பயந்து, அங்கிகளைக் கழற்றி, அழகாக மடித்து, நீள மேசைமேல் வைத்தார்கள்.

போட்டார்கள். நடந்தார்கள். மேசையில் வைத்தார்கள். சட்டம் என்றால் சட்டம். நான் மூட்டை கட்டினேன். என் கட்டை அவிழ்க்க இன்னொருவன் பிறந்து வர வேண்டும். வண்டி கிளம்பி, சாமானை இறக்கிவிட்டுத் திரும்பியும் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றுத் தேநீரும் அரட்டையும் முடிந்த பிறகுதான் சுருதி காலிக் கோப்பையோடு மேசைக்கு வந்தார். "எங்க அங்கிங்க எங்க?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்றேன்.

"என்னது?"

"நல்லா நடந்தீங்க. குறிப்பா நீங்க."

அவர் போட்ட கூச்சலில் அக்கா ஓடி வந்தார். விஷயம் தெரிந்ததும் காலியான மேசைமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு ஆராதனை. போய் வாங்கிட்டு வாங்க" என்றார் சுருதி.

"திரும்பக் கேட்டா கதவச் சாத்திருவாங்க. அப்புறம் அங்க தங்கியிருக்கறவங்களுக்குக் குளிருக்குப் போட ஒண்ணும் போகாது."

"கேக்கலன்னா நாங்க எதப் போட்டுக்கிட்டுப் பாடறது?"

அக்கா மேசையிலிருந்து இறங்கினார். "அண்ணே, வண்டிய எடுங்க" என்றார்.

 

இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் அங்கிகள் நடமாடிக்கொண்டிருந்தன. ஒரு பெண் தன் அங்கியின் இரண்டு பக்கமும் தடவித் தடவி, "பை இல்லியே, கைய எங்க வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பழைய தபால்காரர் ஒருவர் கழுத்துவரை மூடிக்கொண்டு, ஜன்னல் கண்ணாடியில் தன்னைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினார்.

வார்டனம்மா எதிரே வந்தார். "துணியெல்லாம் சுத்தம். ஒண்ணுகூடக் கழிக்கல. ஆனா இது என்ன உடுப்பு, கையெல்லாம் யானைக் காது மாதிரி?" என்றவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டார். குரல் மாறியது. "எதுக்கு வந்திருக்கீங்க? திரும்பக் கேக்கவா?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் காலை மிதித்தார்.

"கேக்க வரலம்மா, சொல்ல வந்தேன். இது எங்க பாட்டுக்காரங்க அங்கி. தெரியாம வந்துருச்சு. வந்தது வந்ததுதான், இனிமே இவங்களுது. நாளைக்கு வேற யார் வாய்லயாவது கேள்விப்பட்டு, அக்கா மறச்சுட்டாளேன்னு நீங்க நெனைக்கக் கூடாது."

தபால்காரர் திரும்பினார். "அப்ப இதப் போட்டா பாடணுமா?"

"பாட வருமா உங்களுக்கு?"

"தெருத் தெருவாப் பாடிக்கிட்டுத்தாம்மா தபால் குடுத்தேன். நாய்ங்க மட்டுந்தான் கொற சொல்லுச்சு."

"அப்ப நாளைக்குக் காலைல வாங்க" என்றார் அக்கா. "கொற சொல்ல எங்ககிட்டயும் ஒருத்தர் இருக்கார்."

மறுநாள் பாடகர்கள் ஆளுக்கொரு நிறத்தில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் சபையில் பிரசங்கம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பாட்டு சுமாராகிவிட்டால் அன்று வீட்டில் அடுப்பு எரியாது. போதகர் எழுந்த நேரம் கதவு திறந்தது. கருநீல அங்கிகள் வரிசையாக உள்ளே வந்தன. கடைசியில் வார்டனம்மா, நீதிபதி மாதிரி. அக்கா மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

தபால்காரர் நேரே சுருதியிடம் போனார். "நாங்க எங்க நிக்கணும்?"

சுருதி அவரை மேலும் கீழும் பார்த்தார். தன் அங்கி அது. "உங்களுக்கு என்ன குரல்?"

"ஆம்பளக் குரல்தான்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது ஆலயம் முழுக்கப் பரவியது. சுருதியின் உதடும் கொஞ்சம் கோணியது. "கடைசி வரிசைல நில்லுங்க" என்றார்.

முதல் பாட்டில் தபால்காரர் குரல் சரக்கு ரயில் மாதிரி வந்தது. தாளம் கொஞ்சம் முந்தியது, கீழ்ச்சுருதி மட்டும் பாறை மாதிரி நின்றது. பையில்லாத அம்மா கைகளை அகல விரித்துப் பாடினார். இரண்டாம் பாட்டில் சுருதியே குதிகால் உயர்த்திக் கை வீசினார். நானும் பாடினேன். என் குரல் வாசல்வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

முடிந்ததும் சுருதி அக்காவிடம் வந்தார். "அந்தத் தபால்காரர ஒத்திகைக்கு வரச் சொல்லுங்க. அங்கி அவர்ட்டயே இருக்கட்டும்."

"அப்ப உங்களுக்கு?"

"எங்க குரல் துணிலயா இருக்கு?" என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவுக்கு அது பாதிதான் காதில் விழுந்தது. கண் வார்டனம்மாவைத் தேடியது. அவர் வாசற்படியில் நின்று, கைப்பையைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு சாவியை எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"எங்க துணி அறைச் சாவி. இனி நீங்களே வந்து அடுக்கிட்டுப் போங்க. போர்வ இருந்தாலும் கொண்டாங்க."

அக்கா சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சத்தமாகச் சிரித்தார். மாமியார் உறுமலைவிடப் பெரிய சத்தம். உள்ளே தேநீர் ஊற்றுவதாக யாரோ கூப்பிட்டார்கள்.

"தேநீர் கெடக்கட்டும்" என்றார். "அண்ணே, அங்க அலமாரியில எத்தன தட்டு இருக்குன்னு இப்பவே பாக்கணும். வாங்க. ஏங்க, நீங்களும் வாங்க."

"நான் அப்பவே வண்டில ஏறிட்டேன்" என்று மச்சான் தெருவில் இருந்து குரல் கொடுத்தார்.