முத்துக்கனியை இறக்கிய டீச்சர்

செல்வராணி டீச்சருக்கு அந்தக் கோவம் இன்னும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும் என்பதுதான் அவள் கேள்வி.

தூத்துக்குடியில் ஒரு பெண்கள் பள்ளியில் அவள் விளையாட்டு ஆசிரியை. துறைமுகத்துக்குப் போகிற லாரிகள் கிளப்பும் புழுதிக்கு நடுவே பிள்ளைகளுக்கு, வளையத்தில் பந்து போடுகிற நெட்பால் பழக்கினாள். களத்தில் ஏழு பேர், வெளியே மாற்று ஆட்கள் ஐந்து பேர். பயிற்சிக்கு ஒழுங்காக வருகிற எல்லோருக்கும் ஒவ்வொரு போட்டியிலும் கொஞ்ச நேரமாவது ஆடக் கிடைக்கும் என்று முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை மீறாமலே மாவட்ட இறுதிப் போட்டிவரை வந்துவிட்டார்கள்.

முத்துக்கனி மாற்று ஆட்களில் ஒருத்தி. மாப்பிள்ளையூரணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, எல்லோருக்கும் முன்னால் மைதானத்தில் நிற்பாள். நல்ல ஓட்டம், ஆனால் பந்து கையில் நிற்காது, நழுவிவிடும்.

இறுதிப் போட்டியில் பாதி ஆட்டம் முடிந்தபோது செல்வராணியின் அணி நாலு கோல் முன்னால் இருந்தது. முத்துக்கனி மட்டும் இன்னும் இறங்கவில்லை. செல்வராணிக்கும் தயக்கம்தான். கோப்பை அவளுக்கும் வேண்டும். அந்த நேரம் பள்ளித் தாளாளர் ஜெயகணேஷ் பெஞ்சுக்கு வந்து, இனி யாரையும் மாற்றக் கூடாது என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முத்துக்கனியைக் கையால் காட்டினார்.

"இதெல்லாம் கணக்குக்குத்தான கூட்டிட்டு வந்திருக்கிய?"

பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. செல்வராணிக்குக் கோவம் வந்தது. முத்துக்கனியை எழுந்திரிக்கச் சொன்னாள்.

முத்துக்கனி ஓடி ஓடித் தடுத்தாள். இரண்டு பந்தைத் தவறவும் விட்டாள். முன்னிலை கரைந்தது. கடைசிப் பகுதியில் பழைய ஏழு பேரும் திரும்ப இறங்கியும், ஒரே ஒரு கோலில் தோற்றார்கள்.

கோல் போடுகிற ஆக்னஸ் அழுதுகொண்டே வந்தாள். "எனக்குக் கோப்பைதான் டீச்சர் வேணும். உங்க நியாயத்த வச்சு நான் என்ன செய்ய?"

ஆக்னஸ் கோவப்படுவதில் தப்பில்லை என்று செல்வராணி நினைத்தாள். அவளால் தாங்க முடியாதது திங்கட்கிழமை காலையில் நடந்தது. பிரார்த்தனைக் கூட்டத்தில், முழுப் பள்ளிக்கும் முன்னால், முத்துக்கனியால்தான் கோப்பை போயிற்று என்று தாளாளர் பேர் சொல்லிப் பேசினார். செல்வராணி மேடையேறி மைக்கை வாங்கினாள்.

"ஆள மாத்துனது நான் சார். பேர் சொல்லணும்னா என் பேரச் சொல்லுங்க. பிள்ளைய விடுங்க."

மறுநாளே அணியை அவளிடமிருந்து பிடுங்கி வெளியாள் ஒருவரிடம் கொடுத்தார்கள். முத்துக்கனி மைதானத்துப் பக்கமே வரவில்லை. கடைசியில் ஆக்னஸ்தான் வகுப்புக்குப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். "ஏளா, உம்மேல உள்ள கோவம் எனக்கு இன்னும் போகல. அதுக்காக வராம இருப்பியா?"

வந்தாள். புதுப் பயிற்சியாளர் அவளைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தி, வெளியே போகிற பந்தை எடுத்துப் போடச் சொன்னார். மைதானத்தின் மறுபக்கம் ஆறாம் வகுப்புக்கு டிரில் எடுத்துக்கொண்டிருந்த செல்வராணி அதைப் பார்த்தாள். அன்றைக்கு ஆசிரியர் அறையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்:

"பந்து பொறுக்க ஆள் வேணும்னா, பந்து பொறுக்கன்னு சொல்லிக் கூப்பிடுங்க. விளையாட வான்னு கூப்பிட்டு ஏமாத்தாதீங்க."